டானியல் பூவர் (1789–1855): யாழ்ப்பாணத்து மக்களுக்கு வானத்தைக் காட்டிய ஆசிரியர்

மாணவர்களே, உங்கள் வீட்டிலுள்ள பஞ்சாங்கத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அது வாக்கிய பஞ்சாங்கமாக இருக்கும். அல்லது திருக்கணித பஞ்சாங்கமாக இருக்கும். யாழ்ப்பாணத்தில் இரண்டும் வழக்கில் உள்ளன. புதுவருடம் பிறக்கும் நேரம் ஒன்றில் ஒரு விதமாகவும் மற்றதில் வேறு விதமாகவும் குறிக்கப்பட்டிருப்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். எது சரி என்று வீட்டில் பெரியவர்கள் வாதாடுவதையும் கேட்டிருப்பீர்கள். ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் இதே போன்றதொரு வாதம் வட்டுக்கோட்டையில் பலர் முன்னிலையில் நடந்தது. அதனைத் தொடக்கிவைத்தவர் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு பாதிரியார். அவரே வண. டானியல் பூவர்.

பூவரை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் மிஷனரி என்றும் கல்விமான் என்றும் மட்டுமே குறிப்பிடுகின்றன. வானியலை மக்களிடம் கொண்டுசென்றவர் என்ற வகையிலும் அவரை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். அவர் வானியலைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். புதிய நட்சத்திரம் எதையும் கண்டுபிடிக்கவுமில்லை. ஆயினும் தொலைகாட்டியையும் கணிதத்தையும் கொண்டு ஊர் மக்கள் தம் கண்ணாலேயே ஒரு விஞ்ஞானக் கூற்றைச் சோதித்துப் பார்க்க வழிசெய்தார். அக்காலத்தில் ஐரோப்பாவில்கூட சாதாரண மக்களுக்கு இத்தகைய வாய்ப்பு அரிதாகவே கிடைத்தது.

பூவர் 1789ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் டான்வர்ஸ் என்னும் ஊரில் பிறந்தார். டாட்மத் கல்லூரியில் பயின்று 1811இல் பட்டம் பெற்றார். பின்னர் அன்டோவர் இறையியற் கல்லூரியில் கற்றுக் குருவானார். 1815 ஒக்டோபரில் சூசன் புல்ஃபிஞ்ச் அம்மையாரை மணந்த சில நாட்களிலேயே ‘டிறையட்’ என்ற பாய்க்கப்பலில் மனைவியோடும் வேறு சில மிஷனரிமாரோடும் புறப்பட்டார். ஐந்து மாதக் கடற்பயணத்தின் பின் 1816 மார்ச்சில் கொழும்பை வந்தடைந்தார். யாழ்ப்பாணத்தில் பணியாற்ற ஆங்கில அரசாங்கத்தின் அனுமதி கிடைத்தது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கைவிட்டுச் சென்ற பழைய தேவாலயக் கட்டடங்கள் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் இடிந்து கிடந்தன. அவற்றைத் திருத்தியே அமெரிக்க மிஷன் தன் பணியைத் தொடங்கியது.

பூவருக்குக் கிடைத்த இடம் தெல்லிப்பழை. அங்கே அவர் 1816இல் தொடக்கிய இலவசப் பாடசாலையே இன்றைய யூனியன் கல்லூரியின் ஆரம்பமாகும். தமிழை அவர் ஆர்வத்தோடு கற்றார். மொழிபெயர்ப்பாளரை நம்பியிராமல் தாமே தமிழில் பேசினார். அந்தப் பேச்சுத் திறமை பின்னாளில் அவருக்குப் பெரிதும் உதவியது. தெல்லிப்பழையில் இருந்தபோது 1821இல் சூசன் அம்மையார் இறந்தார். சிறு பிள்ளைகளோடு தனித்துப்போன பூவர், இரண்டு ஆண்டுகளின் பின் ஆன் நைற் என்ற ஆங்கிலப் பெண்மணியை மறுமணம் செய்தார்.

இதற்கிடையில் மிஷனுக்கு வேறொரு நெருக்கடி வந்தது. தேசாதிபதி சர் எட்வேர்ட் பார்ண்ஸ் அமெரிக்கர்களை விரும்பவில்லை. 1820இல் வந்த அச்சாளரான காரற் என்பவர் நாட்டில் தங்க அனுமதிக்கப்படாமல் வெளியேற்றப்பட்டார். அதன்பின் 1833 வரை புதிய அமெரிக்க மிஷனரி எவரும் வர முடியவில்லை. உயர்கல்வி நிறுவனம் ஒன்றைக் ‘கல்லூரி’ என்ற பெயரில் நிறுவவும் அரசாங்கம் இணங்கவில்லை. ஆகவே 1823 ஜூலையில் வட்டுக்கோட்டையில் அது ‘செமினரி’ என்ற பெயருடன் தொடங்கப்பட்டது. அதன் முதல் அதிபர் பூவர். (வட்டுக்கோட்டைச் செமினரி 1823இல் தொடங்கி 1855இல் மூடப்பட்டது, யாழ்ப்பாணக் கல்லூரி அதே வளவில் 1872இல் தொடங்கியது. விடை எழுதும்போது இரண்டையும் ஒன்றெனக் கொள்ளாதீர்கள்.)

செமினரியில் தமிழ், ஆங்கிலம், சமஸ்கிருதம், கேத்திரகணிதம், அட்சரகணிதம், திரிகோணகணிதம், பௌதிகம், வானியல் முதலிய பாடங்கள் கற்பிக்கப்பட்டன. கிறிஸ்தவ வேதமும் கட்டாயப் பாடமாக இருந்தது. மிஷனின் நோக்கம் மதமாற்றமே. அதனை அவர்கள் மறைத்ததுமில்லை. மாணவர்களின் செலவை அமெரிக்காவிலிருந்த நன்கொடையாளர் ஏற்றனர். அவர்களுடைய பெயர்களே பல மாணவர்களுக்குச் சூட்டப்பட்டன. கறோல் விசுவநாதபிள்ளை, எவாட்ஸ் கனகசபைப்பிள்ளை என்றெல்லாம் நீங்கள் படிக்கும் பெயர்களின் முற்பகுதி இவ்வாறு வந்ததுதான். நல்ல குடும்பத்துச் சைவப் பெற்றோர் பலர், பிள்ளைகள் மிஷன் வளவில் உண்பதை முதலில் விரும்பவில்லை. ஆயினும் ஆங்கிலமும் கணிதமும் கற்றால் அரசாங்க உத்தியோகம் கிடைக்கும் என்ற எண்ணம் மெல்ல மெல்ல வென்றது.

செமினரியின் பாடங்களுள் வானியலைப் பூவர் தனியாகக் கவனித்தார். அதற்குக் காரணம் இருந்தது. அன்றைய யாழ்ப்பாணத்தில் பஞ்சாங்கம் இல்லாமல் எதுவும் நடவாது. விதைப்பு, திருமணம், கோயிற் கொடியேற்றம், பயணம் எல்லாமே அதனைப் பார்த்தே தீர்மானிக்கப்பட்டன. அராலியைச் சேர்ந்த இராமலிங்க முனிவர் 1667இல் பஞ்சாங்கம் கணித்தார் என்பது இங்கு வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அதே அராலியில் பூவரின் காலத்தில் வாழ்ந்தவர் விசுவநாத சாஸ்திரியார். தமிழ்ப் புலமையும் கணிதப் புலமையும் ஒருங்கே வாய்க்கப்பெற்ற அவர், பரம்பரை பரம்பரையாகப் பஞ்சாங்கம் கணித்த குடும்பத்தவர். அவர் குறித்த நாளையும் நாழிகையையும் குடாநாடு முழுவதும் நம்பியது. அராலி வட்டுக்கோட்டைக்கு அயற்கிராமம் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே இரண்டு கணித மரபுகள் அடுத்தடுத்த ஊர்களில் இயங்கிக்கொண்டிருந்தன.

இவ்விடத்தில் வாக்கிய முறை பற்றிச் சிறிது விளங்கிக்கொள்ளுங்கள். சந்திரன் புவியைச் சுற்றும் வேகம் ஒரே சீரானது அன்று. புவிக்கு அண்மையில் வரும்போது விரைவாகவும் தொலைவில் இருக்கும்போது மெதுவாகவும் செல்லும். இவ்வாறு ஒன்பது சுற்று முடிய ஏறக்குறைய 248 நாட்கள் ஆகும். இந்த 248 நாட்களுக்கும் சந்திரனின் நிலையைக் கணித்து, எண்களை எழுத்துகளாக மாற்றி, மனனம் செய்யக்கூடிய 248 சிறு வாக்கியங்களாக முன்னோர் அமைத்தனர். ‘வாக்கிய பஞ்சாங்கம்’ என்ற பெயர் இதனாலேயே வந்தது. தாளும் அச்சிட்ட அட்டவணையும் இல்லாத காலத்தில் இது வியக்கத்தக்க ஏற்பாடு என்றே கூறவேண்டும். 1825இல் வெளிவந்த தமது நூலில் ஜோன் வாரன் என்ற அறிஞர் ஒரு செய்தியைக் குறித்துள்ளார். புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிப்பவர் ஒருவர் சோழிகளை நிலத்தில் அடுக்கி, மனத்திலிருந்த வாக்கியங்களைக் கொண்டே ஒரு சந்திரகிரகணத்தைக் கணித்துக் காட்டினாராம். தொடக்க நேரத்தில் ஏற்பட்ட பிழை 4 நிமிடம் மாத்திரமே. ஆனால் முடிவு நேரத்தில் பிழை 52 நிமிடம்.

பிழை எவ்வாறு வருகிறது? ஒரு மணிக்கூடு நாளொன்றுக்கு இரண்டு விநாடி பிந்துகிறது என வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்தில் உங்களுக்கு எந்த வேறுபாடும் தெரியாது. பதினைந்து மாதத்தில் அது கால்மணி நேரம் பிந்தியிருக்கும். பல நூற்றாண்டுகளுக்கு முன் அளந்த எண்களை இடையில் திருத்தாமல் பயன்படுத்தினால் சிறு வழுக்கள் இவ்வாறே சேர்ந்து பெருகும். மணிக்கூட்டைச் செய்தவன் திறமையற்றவன் என்பது இதன் பொருளன்று. அதனை யாரும் சரிபார்த்துத் திருத்தவில்லை என்பதே பொருள். திருக்கணிதம் என்ற சொல்லில் உள்ள ‘திருக்’ என்பதும் பார்வையைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்ததே. கண்ணால் காண்பதோடு ஒத்துவரும்படி திருத்திய கணிதம் என்பது அதன் கருத்து.

இனி 1829ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு மார்ச் 20ஆம் திகதி, பங்குனிப் பூரணையன்று, பகுதிச் சந்திரகிரகணம் ஒன்று நிகழவிருந்தது. சாஸ்திரியாரின் பஞ்சாங்கத்தில் அது குறிக்கப்பட்டிருந்தது. செமினரியிலும் அது மேலைத்தேய முறைப்படி கணிக்கப்பட்டது. ஒப்பிட்டுப் பார்த்தபோது இரண்டும் பொருந்தவில்லை. கிரகணம் தொடங்கும் நேரத்தில் 15 நிமிட வேறுபாடு இருந்தது. அது நீடிக்கும் கால அளவிலும், சந்திரவட்டத்தில் எவ்வளவு பங்கு மறையும் என்பதிலும்கூட வேறுபாடு காணப்பட்டது.

பதினைந்து நிமிடம் பெரிதா என்று உங்களுக்குத் தோன்றலாம். ஒரு நாழிகை 24 நிமிடம். ஆகவே வேறுபாடு அரை நாழிகைக்கும் சற்றுக் கூடியது. கிரகண காலத்தில் நீராடுவோருக்கும் விரதம் இருப்போருக்கும் அது சிறிய விடயமன்று. பூவர் இந்த வேறுபாட்டை மறைக்கவில்லை, ஊரறியச் சொன்னார். செய்தி பரவியது. தமது கணிப்பே சரி என்பதில் சாஸ்திரியாரும் உறுதியாக நின்றார். எவர் சரி என்பதை நூலைக் கொண்டோ சபையைக் கொண்டோ தீர்க்க வேண்டியதில்லை. குறித்த இரவில் வானத்தைப் பார்த்தால் போதும் என்ற நிலை உருவாயிற்று.

பூவர் தெரிந்தெடுத்த சந்தர்ப்பம் எவ்வளவு பொருத்தமானது என்பதை விஞ்ஞானம் கற்கும் நீங்கள் எளிதில் உணர்வீர்கள். சூரியகிரகணத்தை ஒரு குறுகிய பகுதியிலிருந்தே முழுமையாகக் காணலாம். நேரமும் இடத்துக்கிடம் மாறும். சந்திரகிரகணம் அப்படியன்று. புவியின் நிழல் சந்திரனில் விழுகிறது. அவ்வேளையில் சந்திரன் எந்த ஊர்களுக்கெல்லாம் தெரிகிறதோ அந்த ஊர்களுக்கெல்லாம் அது ஒரே கணத்தில் தொடங்கும். கண்ணுக்குத் தீங்கில்லை. கண்ணாடி வேண்டியதில்லை. எழுத்தறியாத கமக்காரனும் முற்றத்தில் நின்று பார்த்துத் தீர்ப்புக் கூறலாம். நிழலின் விளிம்பு மங்கலாக இருப்பதால் தொடக்கத்தை ஒரு நிமிடத் துல்லியத்தில் சொல்வது கடினம். ஆனால் கால்மணி நேர வேறுபாட்டை எவரும் தவறவிடமாட்டார். கிறீனிச்சுக்கு எனக் கணித்த நேரத்தை யாழ்ப்பாணத்துக்கு மாற்றுவதும் சுலபம். யாழ்ப்பாணம் ஏறக்குறைய 80 பாகை கிழக்கு நெடுங்கோட்டில் உள்ளது. 15 பாகைக்கு ஒரு மணி வீதம் 5 மணி 20 நிமிடம் கூட்ட வேண்டும். இந்தக் கணக்கை நீங்களே புவியியற் பாடத்தில் செய்கிறீர்கள்.

அன்று மாலை வட்டுக்கோட்டையில் மக்கள் திரண்டனர். தொலைகாட்டியும் மணிக்கூடும் ஆயத்தமாக இருந்தன. முழுநிலவை எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றனர். புவியின் நிழல் சந்திரனைத் தொட்டது செமினரி குறித்திருந்த நேரத்திலேயாகும். மறைந்த பங்கும் நீடித்த நேரமும் செமினரியின் கணிப்போடேயே ஒத்துவந்தன. பஞ்சாங்கம் பிழைத்தது. அந்த இரவில் அதைக் கண்டவர்களுக்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

இந்த நிகழ்ச்சியைக் கதையாகச் சொல்பவர்கள் பலர், மேலைத்தேய விஞ்ஞானம் வென்றது, கீழைத்தேய மூடநம்பிக்கை தோற்றது என்று முடித்துவிடுவார்கள். அவ்வாறு எழுதுவது சரியான விடையாகாது. சாஸ்திரியாரிடம் இருந்தது மூடநம்பிக்கை அன்று, அதுவும் கணிதமே. கிரகணம் புவியின் நிழலால் ஏற்படுகிறது என்பதை ஆரியபட்டர் கி.பி. 5ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே விளக்கிவிட்டார். ராகு, கேது என்பவை கதைகளில் பாம்புகள். கணிதத்தில் அவை சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகள். பூரணை அந்தப் புள்ளிகளுக்கு அண்மையில் நிகழ்ந்தால்தான் சந்திரகிரகணம் உண்டாகும். பஞ்சாங்கம் கணிப்போர் இதனை நன்கறிந்தே கணித்தனர். கிரகணம் எந்த நாளில் வரும் என்பதில் சாஸ்திரியாரும் பிழைவிடவில்லை என்பதை மறந்துவிடாதீர்கள். பழைய எண்களை வைத்துக்கொண்டு கால்மணிக்குள் கணித்த ஒருவரைக் கேலி செய்ய நமக்கு உரிமை இல்லை.

பூவர் இந்த வெற்றியிலிருந்து எடுக்க விரும்பிய முடிவு வேறொன்று. பஞ்சாங்கம் பிழையென்றால் அதனைத் தாங்கிநிற்கும் சமயமும் பிழை என்று மக்கள் உணர்வார்கள் என அவரும் அவருடைய நண்பர்களும் எதிர்பார்த்தனர். இதனை ஏற்பது கடினம். ஓர் அட்டவணையில் உள்ள வழு அட்டவணையின் வழுவே. வானியலை வைத்துச் சமயத்தை அளப்பதானால், புவி சுற்றுகிறது என்று கூறிய கலிலியோவை 1633இல் தண்டித்தது ஒரு கிறிஸ்தவத் திருச்சபை என்பதையும் கணக்கில் எடுக்கவேண்டும். யாழ்ப்பாணத்து மக்கள் இந்த விடயத்தில் பூவரைவிட நிதானமாகவே நடந்துகொண்டனர் என்பது என் கருத்து. செமினரியின் கணிதத்தை விரும்பிக் கற்றார்கள். அதன் சமயத்தைப் பலர் ஏற்கவில்லை. ஏற்றவர்களிலும் சிலர் பின்னர் திரும்பினார்கள்.

இதற்கு நல்ல உதாரணம் செமினரி மாணவர்களான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் நடத்திய முதலாவது பட்டதாரித் தேர்வில் சித்தியடைந்தவர்கள் இவர்கள். இருவரும் பின்னாளில் சைவர்களாகவே வாழ்ந்தனர். விசுவநாதபிள்ளை தமிழில் ‘வீசகணிதம்’ என்ற அட்சரகணித நூலை எழுதினார். தாமோதரம்பிள்ளை பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். ஏட்டுப் பிரதிகளை ஒப்பிட்டு, பிழை களைந்து, காரணம் காட்டும் அவருடைய பதிப்பு முறையில் செமினரியில் பெற்ற பயிற்சி தெரிகிறது என்று கூறலாம்.

1830களின் நடுப்பகுதியில் பூவர் மதுரைக்கு மாற்றப்பட்டார். அங்கும் ஊர் ஊராகப் பாடசாலைகளைத் தொடக்குவதிலும் தெருவில் நின்று மக்களோடு உரையாடுவதிலும் காலத்தைச் செலவிட்டார். செமினரியின் பொறுப்பு வண. ஹொய்சிங்டனிடம் சென்றது. பூவரையும் ஹொய்சிங்டனையும் மாணவர்கள் சிலர் மாற்றி எழுதுவதுண்டு, கவனமாக இருங்கள். கிரகணச் சர்ச்சைக்கு உரியவர் பூவர். தமிழ் வானியல் மரபை முறையாகக் கற்று, 1848இல் ‘சோதி சாஸ்திரம்’ என்ற நூலை ஆங்கில மொழிபெயர்ப்போடும் குறிப்புகளோடும் வெளியிட்டவர் ஹொய்சிங்டன். முதலாமவர் உள்ளூர்க் கணிதத்தோடு போட்டியிட்டார்; இரண்டாமவர் அதனைப் படித்துப் புரிந்துகொள்ள முயன்றார். இரண்டாமவரின் வழியே எனக்கு உயர்ந்ததாகத் தோன்றுகிறது. ஆனால் முதலாமவர் மூட்டிய ஆர்வம் இல்லாவிட்டால் அந்நூலுக்கு வாசகர் இருந்திருப்பார்களா என்பதும் கேள்வியே.

1841 ஜனவரியில் ‘உதயதாரகை’ பத்திரிகை வெளிவரத் தொடங்கியது. சமயச் செய்திகளோடு விஞ்ஞானக் கட்டுரைகளும் அதில் தமிழில் வந்தன. தொலைகாட்டியைச் சுற்றி நிற்கக்கூடியவர் சிலரே. பத்திரிகையோ வாசிக்கத் தெரிந்த எல்லா வீட்டுக்கும் போகும். பூவர் அதே ஆண்டில் மதுரையிலிருந்து யாழ்ப்பாணம் திரும்பித் தெல்லிப்பழையிலும் பின்னர் மானிப்பாயிலும் பணியாற்றினார். 1848 அளவில் ஒருமுறை தாய்நாடு சென்றார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிரிந்திருந்த நாடு அது. வயதும் அறுபதை அண்மித்திருந்தது. அங்கேயே தங்கியிருக்கலாம். அவர் மானிப்பாய்க்கே திரும்பி வந்தார்.

1855இன் தொடக்கத்தில் குடாநாட்டில் வாந்திபேதி பரவியது. கிணற்று நீர் மூலம் பரவும் அந்நோய்க்கு அன்று யாரிடமும் சரியான மருந்து இல்லை. நோய்க்கிருமியை உலகம் அறிந்துகொள்ள இன்னும் பல ஆண்டுகள் இருந்தன. பெப்ரவரி 3ஆம் திகதி மானிப்பாயில் பூவர் அந்நோய்க்கு இரையானார். அப்போது அவருக்கு 65 வயது.

அதே ஆண்டில் அவர் உருவாக்கிய செமினரியும் மூடப்பட்டது. அமெரிக்காவிலிருந்து வந்த மிஷன் தூதுக்குழுவினர், ஆங்கிலக் கல்வி உத்தியோகத்துக்கு ஆட்களைத் தருகிறதேயன்றிச் சமயப் பணிக்குப் போதிய பயன் தரவில்லை எனத் தீர்மானித்தனர். அவர்களுடைய நோக்கத்தில் பார்த்தால் கணக்குச் சரிதான். யாழ்ப்பாணத்தின் பக்கம் நின்று பார்த்தால் அது பேரிழப்பு. ஊரவர்களும் பழைய மாணவர்களும் உயர்கல்வி நிறுவனம் மீண்டும் வேண்டும் என்று முயன்றதனாலேயே 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி பிறந்தது. அதற்கு ஓராண்டுக்கு முன்னர், 1871 டிசெம்பர் 12ஆம் திகதி, முழுச் சூரியகிரகணம் ஒன்று தென்னிந்தியாவைக் கடந்து வட இலங்கையில் தெரிந்தது. அதனைப் படம்பிடித்து ஆராய ஆங்கிலேய அவதானிகள் யாழ்ப்பாணத்தில் முகாமிட்டனர்.

யாழ்ப்பாணக் கல்லூரியில் வானியல் ஆர்வம் தொடர்ந்தது. காரைநகரைச் சேர்ந்த அலன் ஏபிரகாம் அங்கு கணிதம் கற்பித்தார். 1910இல் ஹேலி வால்வெள்ளி தோன்றியபோது அதனை ஆராய்ந்து எழுதினார். இலண்டனிலுள்ள அரச வானியற் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. வட்டுக்கோட்டைக்குச் செல்லும் வாய்ப்புக் கிடைத்தால் கல்லூரி வளவில் பூவரின் பெயரைத் தாங்கிய நூலகத்தையும், செமினரிக் காலத்து ஒட்லி மண்டபத்தையும் பாருங்கள். அங்கிருந்து சிறிது தூரத்திலேயே சாஸ்திரியாரின் அராலி இருக்கிறது.